கதையில்லாப் படமும் ராசிபுரத்து ராட்டையும்

கொழும்பில் நான் ஆப்பரேட்டராக இருக்கும் தியேட்டரின் முதலாளி என்னைக் கப்பலேற்றியது ஒரு பழைய புரொஜெக்டர் வாங்கி வருவதற்கு. சேலம் என்ற பெயரை அவர் வாயால் சொன்னதே இல்லை. சென்னையில் மிஷின் கிடைத்தது. அதற்குள் இருக்கவேண்டிய ஒரு பல்சக்கரம் மட்டும் கிடைக்கவில்லை. பம்பாயிலிருந்து வர ஒரு வாரத்துக்கு மேலாகும் என்று விற்றவர் கையை விரித்தார். யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. எந்தக் கடையில் எதைக் கேட்டாலும் கையை விரிப்பதையே வியாபாரமாக நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அத்தனை நாளை எப்படித் தள்ளுவது என்று, ஃபிலிம் கழுவும் கூடத்தில் வேலை செய்யும் என் நண்பர் துரைராஜிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் அவர், "சேலத்துப் பக்கம் குப்புசாமி என்று ஒருவர் இருந்தாரே, படம் எடுத்தவர், கேள்விப்பட்டிருக்கிறாயா?" என்றார். குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

கேள்விப்படுவதாவது! பேசாத படங்களின் காலத்தில், யாழ்ப்பாணத்துக் கொட்டகை ஒன்றில் நான் எடுபிடியாகச் சேர்ந்த புதிதில், ராமர் படம் கிருஷ்ணர் படம் வந்த பெட்டிகளோடு கலந்து அவருடைய படம் ஒன்று வந்து சேர்ந்தது. அதற்குப் பெயர் கிடையாது. கதை கிடையாது. ராஜா இல்லை, ராட்சசன் இல்லை, கத்திச்சண்டை இல்லை. சாயம் தோய்த்த பட்டு நூல் ஆற்றங்கரையில் காற்றில் ஆடும். ஒரு பனைமரத்தின் நிழல் காலையிலிருந்து மாலைவரை தரையில் ஊர்ந்து போகும். சந்தையில் கொட்டிய மிளகாய் தானாக எழுந்து சாக்குக்குள் திரும்பிப் போகும். சில இடங்களில் மனிதர் ஃபிலிமையே பட்டுச் சாயத்தில் முக்கி எடுத்திருந்தார். திரை முழுக்க மாதுளம்பூ நிறமாகிவிடும். கொட்டகைக்காரர்கள் 'கதையில்லாப் படம்' என்று அதற்கு ஒரு பெயரை வைத்தார்கள்.

சனங்கள் கூச்சல் போட்டார்கள். எங்கள் ஆப்பரேட்டர், சீக்கிரம் தொலையட்டும் என்று கைப்பிடியை வேகமாகச் சுற்ற, திரையில் எல்லோரும் கட்டெறும்பு கடித்தவர்கள் மாதிரி ஓடினார்கள். முதலில் சிரிப்பு, பிறகு விசில், பிறகு தேங்காய்ச் சிரட்டை பறந்தது. முடிவதற்கு முன்பே படத்தை நிறுத்தி ராமரைப் போட்டுவிட்டார். ஆனால் அந்தப் பட்டு நூல் ஆடியதே, அதை நான் மறக்கவில்லை. கடையில் வந்து உட்கார் என்று வீட்டில் மிரட்டியபோதெல்லாம், இன்னொரு நாள் அப்படி ஒன்று வரும் என்றுதான் இந்தத் தொழிலை விடாமல் பிடித்துக்கொண்டேன். வரவில்லை. ஆனாலும் இன்றுவரை எனக்குச் சோறு போடுவது அந்தப் படம்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

"குப்புசாமி போய்ச் சேர்ந்து பல வருஷமாச்சு," என்றார் துரைராஜ். "பெண்சாதி ராசிபுரத்தில் இருக்கிறாராம். படச்சுருளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை போடுகிறாராம். வேறு பிரதி எங்கேயாவது மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். நீ கொண்டுவா, நகல் எடுத்துத் தருவது என் பொறுப்பு. அதற்கு ஃபிலிம் எங்கே சுரண்டுவது என்று எனக்குத் தெரியும்."

அன்று மாலையே ரயிலேறினேன்.

சேலத்தில் இறங்கியதும் முதல் வேலை சாப்பாடு. அரிசிக்கு ரேஷன். ஹோட்டல்காரர் இலையில் ராகிக் களி உருண்டை ஒன்றை வைத்து, நடுவில் குழி பண்ணி, கீரை கடைந்ததை ஊற்றினார். எங்கள் ஊர்க் கூழில் மீனும் நண்டும் நீந்தும். இந்தக் களியில் நீந்த இடமே இல்லை. நான் அதை மென்றேன். பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. பக்கத்து இலைக்காரர் பரிதாபப்பட்டார்.

"மெல்லாதீங்க, அப்படியே முழுங்கோணும். ஏனுங்க, மலையாளமுங்களா?"

"இல்லை. யாழ்ப்பாணம்."

"அது மலையாளத்துல எந்தப் பக்கமுங்க?"

விளக்கிச் சொன்னேன். கடல் தாண்டி வந்தவன் என்று தெரிந்ததும் எழுந்து போய், தன் கூடையிலிருந்து ஒரு மல்கோவா மாம்பழத்தை எடுத்துவந்து இலையோரம் வைத்தார். எங்கள் ஊரில் கறுத்தக்கொழும்பான் என்று ஒரு மாம்பழம் உண்டு, அதற்கு ஈடு இணை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு துண்டு கடித்ததும் வாயை மூடிக்கொண்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் இந்த விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்குப் போனேன். துரைராஜ்தான் அங்கே விசாரிக்கச் சொல்லியிருந்தார். ஃபிலிமில் வெள்ளி உண்டு. ஓடி முடித்த படங்களைக் கழுவி வெள்ளியைப் பிரித்தெடுப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். சேலமோ கொலுசுக்குப் பேர்போன ஊர். தெரு முழுக்கத் தட்டும் சத்தம், புளி போட்டு வெள்ளி கழுவிய தண்ணீர் சாக்கடையில் ஓடுகிறது.

ஒரு பட்டறைக்காரர் உலையை விட்டுக் கண்ணெடுக்காமலே பேசினார். "படச்சுருளுங்களா? ஒரு காலத்துல மூட்டை மூட்டையா வந்துதுங்க. கழுவுனா அடியில வெள்ளி நிக்கும். வெறும் சுருளை வளையல்காரங்க வாங்கிட்டுப் போயிருவாங்க."

"உள்ளே என்ன படம் என்று பார்த்ததுண்டா?"

"அதை ஆரு பாக்கறா? ஒரேயொரு தடவை செகப்பாச் சாயம் எறங்குற சுருளு வந்துதுங்க. வெள்ளியும் செகப்பாப் போயிருமோன்னு பயந்துபோனேன். போகலை. நல்ல வெள்ளி."

சாயத்தில் முக்கிய ஃபிலிம் வேறு யாருடையது? தெருவில் தண்ணீர்க் குடத்தோடு பெண்கள் கொலுசு ஒலிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். குப்புசாமியின் பனைமர நிழல் அவர்களில் யார் காலில் நடந்துபோகிறதோ தெரியவில்லை. ராசிபுரத்தில் இருப்பதுதான் கடைசிப் பிரதி என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

ராசிபுரம் பஸ் கரியில் ஓடியது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு உருளையைக் கட்டி, அதில் கரியை எரித்து அந்தப் புகையில் இஞ்சினை ஓட்டுகிறார்கள். கொழும்பில் டிராமில் காலாட்டிக்கொண்டு போகிறவனுக்கு இது புதுசு. மல்லூர் தாண்டியதும் வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. தீ அடங்கிவிட்டதாம். பின்பக்கம் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதைச் சுற்றினால் காற்று ஊதும், தீ பிடிக்கும். கண்டக்டர் சுற்றிச் சுற்றி ஓய்ந்து, பயணிகளைக் கூப்பிட்டார்.

பின்னால் இரண்டு ஜவுளிக்காரர்கள் தெலுங்கில் பேசிச் சிரித்தார்கள். என்னவென்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுத் தமிழில் சொன்னார்: "இந்த ஆள் வேட்டி மடிப்பைப் பார்த்தால் பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருக்கிறார், இவரா சுற்றப்போகிறார் என்கிறார்கள்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கைப்பிடி சுற்றுவது என் தொழிலய்யா! இறங்கிப்போய்ச் சுற்றினேன். சீராகச் சுற்றிய கொஞ்ச நேரத்தில் உருளை உறுமியது. ஜவுளிக்காரர்கள் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார்கள். உள்ளே ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கு. முகமெல்லாம் கரியோடு முறுக்குத் தின்றுகொண்டே ராசிபுரம் போய்ச் சேர்ந்தேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவுடன் நெய் வாசனை. கடைத்தெரு முழுவதும் நெய் வியாபாரிகள். அதைக் கடந்து நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம். குப்புசாமி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. செல்லாயி வீடு என்றதும் தெரிந்தது.

செல்லாயி அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். தம்பி குடும்பத்தோடு இருந்தார். தம்பி தறியில் பட்டுச்சேலை நெய்துகொண்டிருந்தார். அவர் பேசி நான் கேட்டதில்லை. அக்கா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். நெசவில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுப்பதுதான் தார் சுற்றுவது. நான் அவரை "அக்கா" என்றேன். அவர் என்னை "அண்ணா" என்றார். இருவரில் யார் மூத்தவர் என்பது நான் ஊர் திரும்பும்வரை தீரவில்லை.

"அவுங்க படத்தை நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. பாதிக்கு மேலே பார்த்திருக்கிறன்."

"சிரிச்சீங்களா?"

"இல்லை."

"அப்படீன்னா உக்காருங்க. ஒறம்பரை சொந்தம் மாதிரி வந்திருக்கீங்க, மொதல்ல சாப்புடுங்க."

ராகிச் சந்தகை வந்தது. பார்த்தால் எங்கள் இடியப்பம்தான், நிறம்தான் வேறு. நாங்கள் தேங்காய்ப்பால் சொதி ஊற்றுவோம், இவர்கள் வெல்லமும் நெய்யும் போடுகிறார்கள். ராசிபுரத்து நெய் விரலில் பட்டது சாயங்காலம்வரை மணத்தது.

சாப்பிட்டதும் சாமி படங்களின் கீழிருந்து நெய்க்காரர்களின் அகன்ற தகர டப்பா ஒன்றை எடுத்துவந்தார். மூடி தளர்வாக இருந்தது. திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இந்தச் சாதி ஃபிலிமை மூடிப் போட்டு வைத்தால் வருஷங்களில் தேனாக உருகி, பிறகு பொடியாகப் போய்விடும். எத்தனையோ பெட்டிகளைத் திறந்து அந்தப் பொடியைப் பார்த்தவன் நான். உள்ளே இரண்டு சுருள்கள் கருகருவென்று, பளபளப்பு மாறாமல் இருந்தன.

"எப்பிடி அக்கா இது கெடாமல் இருக்குது?"

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எடுத்துப் பிரிச்சு, காத்தாட உட்டுத் திரும்பச் சுத்தி வெப்பேனுங்க. நூலா இருந்தாலும் அப்படித்தானே? சும்மா கெடந்தா ஒட்டிக்குமில்லீங்களா?" என்று சொல்லி, ஒரு சுருளை ராட்டையோரம் மாட்டிச் சுற்றிக் காட்டினார். ஃபிலிம் நூல் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. நடுவில் அவ்வப்போது அவர் கை அரைச் சுற்று பின்னுக்கு வந்து மறுபடி முன்னே போயிற்று. ஏன் என்று கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"சின்ன வயசுப் பழக்கமுங்க. நூலு தளந்துருமோன்னு ஒரு பயம். எங்க மாமியா எத்தனையோ திட்டிப் பார்த்தாங்க, போகலை. இந்தத் தெருவுல ஒவ்வொருத்தி கையும் ஒவ்வொரு மாதிரி சுத்தும். தூரத்துல பார்த்தாலே ஆருன்னு சொல்லிருவோம்."

அதுவரை எல்லாம் சந்தோஷம்தான். பிறகு சுருளின் முனையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். முதல் நூற்றுக்கணக்கான கட்டங்களில் படத்தின் மேலேயே சந்தனமும் குங்குமமும்! காய்ந்து, கறுத்து, ஒவ்வொரு பூஜைக்கும் கொஞ்சம் தள்ளித் தள்ளி. அது போதாதென்று, அறுந்த இடங்களையெல்லாம் பட்டு நூலால் தைத்து முடிச்சுப் போட்டிருந்தது.

"இதென்ன வேலை பார்த்து வைச்சிருக்கிறியள்! படத்துக்கு மேலேயா பொட்டு வைக்கிறது?" என்று கத்திவிட்டேன். தறி ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

செல்லாயி அம்மாள் அசரவில்லை. "தறிக்கு வெக்கறோம், ராட்டைக்கு வெக்கறோம், கத்தரிக்கோலுக்கும் வெக்கறோம். அவுங்க தொழிலுக்கு வெக்க வேண்டாமுங்களா?"

சுருளை மறுபடி பார்த்தேன். பொட்டு வைக்கவேண்டும் என்பதால்தான் வருஷா வருஷம் டப்பாவைத் திறந்திருக்கிறார். திறந்ததால்தான் படம் பிழைத்திருக்கிறது. ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் பாழாகாவிட்டால் மீதி முழுவதும் பொடியாகியிருக்கும். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். நன்றியும் சொன்னேன், ஆனால் அது போதவில்லை என்று தோன்றியது.

நகல் எடுக்கும் விஷயத்தைச் சொன்னேன். சென்னைக்குக் கொண்டுபோய் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை நான் வைத்துக்கொண்டு, மற்றதையும் அசலையும் அவரிடமே திருப்பி அனுப்புவதாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இரண்டாவது சுருளின் கடைசி முனையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இதைப் பாருங்ணா."

வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு பெண்ணின் முதுகு, வலது கை, ராட்டை. முகம் இல்லை. எங்கள் கொட்டகையில் பாதியில் நிறுத்தியதால் நான் பார்க்காத பகுதி.

"இது ஆருன்னு எனக்குத் தெரியோணும்," என்றார். "நாடகக்காரி ஒருத்தியைக் கூட்டியாந்து படம் புடிச்சாருன்னு ஊருல ஒரு பேச்சு. அவுங்க இருக்கறப்பவே காதுல உழுந்துது. கேட்டாச் சண்டையாயிருமேன்னு கேக்கலை. அப்பறம் கேக்க ஆளில்லாமப் போச்சு. சேலத்துல ஒரே ஒரு நாள் இந்தப் படத்தை ஓட்டினாங்க, அன்னைக்கு எனக்கு அம்மை போட்டிருந்துது. இத்துனூண்டுல பார்த்தாக் கையும் முதுகும்தான் தெரியுது. எல்லாப் பொம்பளைக்கும் கையும் முதுகும் இருக்குதுங்களே. அசையறதைப் பார்த்தாத்தான் எனக்கு ஆள் தெரியும். ஓட்டிக் காமிங்க, தாரேன்."

"அக்கா, இது பழைய ஃபிலிம். மிஷினில் போட்டால் கிழியும். விளக்குச் சூட்டில் தீப்பிடித்தால் ஒரு சாம்பலும் மிஞ்சாது. முதலில் நகல் எடுப்பம், பிறகு அந்த நகலை ஓட்டிக் காட்டுறன்."

"அங்க நகல் எடுக்கற எடத்துல தீப்புடிச்சா?"

"பிடிக்காது."

"போற வழியில ரயில்ல களவு போனா? நான் பார்க்காமயே போயிருமே. இத்தனை வருஷம் நான் பொட்டு வெச்சது எனக்கா, இன்னொருத்திக்கான்னு தெரியாமயே போயிருமே."

ஓட்டினால் கடைசிப் பிரதி போகலாம். ஓட்டாவிட்டால் அவர் தரமாட்டார். ஓட்டி, அந்தப் பெண் வேறு யாரோ என்று தெரிந்தால், இந்த அம்மாள் சுருளைத் தூக்கி அடுப்பில் போட்டாலும் போடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ராசிபுரத்தில் அப்போது மாணிக்கம் என்பவரின் டூரிங் கொட்டகை முகாமிட்டிருந்தது. சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்து என் கஷ்டத்தைக் கொட்டினேன். மாணிக்கம் பெரிய மனுஷர். பீடியும் வாயுமாக முழுவதும் கேட்டார்.

"எங்கிட்ட இருக்கறது பேசும்பட மிஷினுங்க. மோட்டார்ல ஓடும். அதுல போட்டீங்கன்னா நார் நாராக் கிழிச்சுரும். பழைய கைமிஷினு ஒண்ணு கோழி அடைக்கற கூடையோட கெடக்குது. ஆனா அதுக்கு விளக்கு இல்லீங்களே."

விளக்கு இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மூளை வேலை செய்தது. சின்ன வயதில் நாங்கள் அறுந்த ஃபிலிம் துண்டுகளை வைத்துப் படம் காட்டுவோம். இருட்டு அறை, கதவில் ஓட்டை, வெளியே முகம் பார்க்கும் கண்ணாடி. வெயிலைப் பிடித்து உள்ளே திருப்பினால் போதும். விளக்கு வேண்டாம். கார்பன் விளக்கின் அனலும் இல்லை. செல்லாயி அம்மாள் வீட்டுத் தறிக்கூடத்துக்குச் சன்னல் ஒன்றுதான். சேலம் ஜில்லாவின் சித்திரை வெயிலுக்குப் பஞ்சமா?

மறுநாள் முழுவதும் செப்பனிடும் வேலை. செல்லாயி அம்மாள் பட்டு முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மாணிக்கம் கொடுத்த பசையால் நான் ஒட்டினேன். கோழி எச்சம் போகக் கைமிஷினைக் கழுவி எண்ணெய் போட்டேன். பொட்டுகளைத் துடைக்கவா என்று கேட்டதற்கு அவர் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் உச்சிவெயிலில் படம். சுவரில் தம்பியின் வெள்ளை வேட்டி. சன்னலைச் சாக்குப் போட்டு மூடி ஒரு ஓட்டை மட்டும் விட்டிருந்தோம். வெளியே மாணிக்கம், நாவிதர் கடையிலிருந்து இரவல் வாங்கிய பெரிய கண்ணாடியோடு நின்றார். சூரியன் நகர நகர அவரும் கண்ணாடியைத் திருப்பவேண்டும். உள்ளே தெருப்பெண்கள் நாலைந்து பேர். என் காலடியில் மணல் வாளி, ஈரச்சாக்கு.

நான் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினேன். வேட்டியில் முதலில் வந்தது பொட்டு. வருஷக்கணக்கான பொட்டுகள் பூச்சிக்கூட்டம் மாதிரிப் பறந்து போயின. பெண்கள் கைதட்டினார்கள். பிறகு சந்தை வந்தது. சனங்கள் தத்தித் தத்தி ஓடினார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார். எனக்கு யாழ்ப்பாணத்துக் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது.

"ஏனுங்ணா இப்படி ஓட்டறீங்க?" என்றார் செல்லாயி அம்மாள். "இது இந்த ஓட்டம் இல்லீங்க. கொஞ்சம் தள்ளுங்க."

என் கையை விலக்கிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். படம் பிடிக்கும் காமிராவைச் சுற்றவும் கை ஒரே சீராக இருக்கவேண்டும். குப்புசாமிக்கு அது வராதாம். அதனால் படம் பிடிக்கும்போதெல்லாம் இவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இவரைத் தார் சுற்றச் சொல்லி, அந்தச் சத்தத்துக்குத் தன் கையைச் சுற்றுவாராம். சந்தைக்கும் ஆற்றங்கரைக்கும்கூட ராட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். "சத்தம் மட்டும் போதும், நீ திரும்பாதேம்பாங்க," என்றார் சுற்றிக்கொண்டே.

சந்தையில் மனிதர்கள் மனிதர்கள் மாதிரி நடந்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. மிளகாய் மெதுவாக எழுந்து சாக்குக்குள் போனது. ஆற்றங்கரையில் பட்டு நூல் காற்றில் எழுந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, தாழ்ந்தது. நான் இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்தது அரைகுறை என்று அப்போதுதான் தெரிந்தது. அழுதேன். இருட்டில் யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது சுருள் முடியப்போகும் நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். முதுகு, கை, ராட்டை. செல்லாயி அம்மாள் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டே சுற்றினார். திரையில் கை முன்னே சுற்றியது, சுற்றியது, பிறகு அரைச் சுற்று பின்னுக்கு வந்தது. அதே கணம் இவர் கையும் பழக்க தோஷத்தில் பின்னுக்குப் போயிற்று. மிஷின் கடகடத்தது, படம் துள்ளியது. கிழிந்தது, தீப்பிடித்தது போ என்று நான் வாளியைத் தூக்கிவிட்டேன். கிழியவில்லை. படம் மறுபடி முன்னே ஓடியது. வேட்டியில் ஒரு கை, மிஷினில் ஒரு கை, இரண்டும் ஒரே சுற்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

தெருப்பெண்கள்தான் முதலில் கத்தினார்கள். "அட, நம்ம செல்லாயி கையி!"

சுருள் தீர்ந்து வேட்டி வெறும் வெளிச்சமாயிற்று. அப்போதும் அவர் கை நிற்கவில்லை. நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

"சத்தம் மட்டும் போதும்னு சொன்னாங்களே," என்றார். "திரும்பாதேன்னு சொன்னாங்களே. திருட்டு மனுசன்!" சிரித்துக்கொண்டே சொன்னவர் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். தம்பி எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெளியிலிருந்து மாணிக்கத்தின் குரல் வந்தது. "முடிஞ்சுதுங்களா? கை பொரிஞ்சு போச்சு! என்ன படமுங்க, எனக்கும் ஒருத்தராச்சும் சொல்லுங்களேன்!"

அன்று மாலையே செல்லாயி அம்மாள் டப்பாவை என் கையில் கொடுத்தார். இனிமேல் பொட்டை டப்பாவுக்கு மட்டும் வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். பார்க்கலாம் என்றார், பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். வழிக்கு நெய் ஒரு தூக்கில். பஸ்ஸில் டப்பாவை மடியை விட்டு இறக்கவில்லை. அன்று கண்டக்டர் கைப்பிடி சுற்ற எத்தனை கெஞ்சியும் நான் எழுந்திருக்கவில்லை. ஜவுளிக்காரர்கள் இல்லாதது நல்லதாயிற்று.

துரைராஜ் சொன்னபடி செய்தார். பொட்டுகளைத் தவிர்த்து நகல் எடுக்கவா என்று கேட்டார். அப்படியே எடுங்கள் என்றேன். அசலும் ஒரு நகலும் ராசிபுரத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. பல்சக்கரமும் வந்தது. தாமதத்துக்கு முதலாளி என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

என்னிடம் இருந்த நகலைப் பிறகு யாழ்ப்பாணத்துக்கே கொண்டுபோனேன். படம் நிறுத்தப்பட்ட அந்தக் கொட்டகை இப்போது பேசும்படத் தியேட்டர். காலைக் காட்சிக்கு முன் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி, கைமிஷின் வைத்து, நானே சுற்றினேன். வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பொட்டுகள் பறந்தபோது, ஃபிலிம் கெட்டுப்போய்விட்டதா என்று ஒருவர் கேட்டார். இல்லை, நன்றாக இருக்கிறது என்றேன். பட்டு நூல் ஆடியபோது யாரும் சிரிக்கவில்லை. கடைசிவரை யாரும் எழுந்து போகவில்லை.

விளக்குப் போட்டதும், அன்றைக்குச் சிரட்டை எறிந்திருக்கக்கூடிய வயதுக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். "நல்லாயிருந்தது தம்பி. கடைசியில் ராட்டை சுத்தினது ஆர்? ஏதும் பேர்போன நடிகையோ?"

"நடிகை இல்லை, ஐயா," என்றேன். "ராசிபுரம் செல்லாயி. படம் பிடிச்சவரின்ர பெண்சாதி."